குமிழியின் வால்

“இதைச் சொன்னது யாரு, ஆன்ட்டி?”

முன்வரிசைக் கண்ணாடிக்காரச் சிறுமி புத்தகத்தின் பதினேழாம் பக்கத்தை விரித்துத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தாள்.

படம் வரைந்தவளுக்கு அந்தப் பக்கத்தைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை.

அந்தப் பக்கத்தில் ஒரே ஒரு படம்தான். வகுப்பறை. ஒரு சிறுமி எழுந்து நின்று பாடம் வாசிக்கிறாள். முதல் எழுத்திலேயே வாய் திக்கி நிற்கிறது. படத்தின் அடியோரத்தில் ஒரு பேச்சுக் குமிழி: ‘ஸ்டேஷன் புடிக்கல, யாராச்சும் திருகி விடுங்கப்பா.’

வகுப்பே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறது. அன்றிலிருந்து அந்தச் சிறுமிக்கு ரேடியோ என்று பெயர். புத்தகத்துக்கும் அதுதான் பெயர்.

படக்கதையில் யார் பேசுகிறார்கள் என்பதைக் குமிழியின் வால்தான் சொல்லும். பேசுகிறவரின் வாயை நோக்கி நீளும். இந்த ஒரு குமிழியின் வால் மட்டும் யாரிடமும் போகவில்லை. கீழே இறங்கி, படத்தைச் சுற்றிப் போட்ட சட்டத்தின் கோட்டைத் தொட்டு நின்றுவிட்டது.

“வகுப்புல யாரோ,” என்றாள் அவள்.

“உங்க கதைதானே? உங்களுக்கே தெரியாதா?”

பிள்ளைகள் சிரித்தார்கள். அவளும் சிரித்து வைத்தாள்.

‘இந்த ரேடியோ நான்தான்’ என்று முன்னுரையில் எழுதியிருந்தாள். நாலு வருடமாக ஒவ்வொரு பள்ளியிலும் அதையேதான் சொல்லி வந்தாள். எங்கே போனாலும் ஒரு கூச்சக்காரப் பிள்ளை கடைசியாக வந்து, தரையைப் பார்த்துக்கொண்டு, தனக்கும் அப்படித்தான் என்று முணுமுணுக்கும். அவள் அதன் தோளைத் தட்டிக்கொடுப்பாள். பிறகு வீடு வந்து சேரும்வரை அந்தக் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாது.

வாலைப் பற்றி இதற்கு முன் கேட்டது பதிப்பகத்தில் ஒரே ஒருவர். இடம் போதவில்லை என்று சமாளித்துவிட்டாள். சட்டத்துக்குக் கீழே நாலு விரல் அகலத்துக்கு வெள்ளைத் தாள் சும்மா கிடந்தது.

நல்லவேளையாக விளையாட்டு ஆசிரியர் மைக்கைத் தட்டி, கையெழுத்து வாங்க வரிசையில் நிற்கச் சொன்னார்.

கூட்டத்தை ஏற்பாடு செய்தது அவரல்ல, நூலகர். ஆனால் மைக் கைக்கு வந்ததும் நூலகர் அதைச் சூடான பாத்திரம் போல விளையாட்டு ஆசிரியரிடம் தள்ளிவிட்டிருந்தார். நாற்காலியைத் துடைத்துப் போட்டார். தண்ணீர் வைத்தார். சிரித்தார். அவ்வளவுதான். அழைப்பும் கடிதமாகத்தான் வந்திருந்தது. பாவம், வேலை மும்முரம் என்று இவள் நினைத்துக்கொண்டாள்.

எல்லோருக்கும் முதல் பக்கத்தில் கையெழுத்து, பக்கத்திலேயே சின்னதாக ஒரு ரேடியோ படம். கை தானாக வரைந்துகொண்டு போனது.

கடைசியாக நூலகர் வந்தார். கையில் நூலகப் பிரதி. அட்டையில் முத்திரை, முதுகில் டேப், பிள்ளைகளின் விரல் பட்டுக் கறுத்த ஓரங்கள். அவர் முதல் பக்கத்தைத் திருப்பவில்லை. நேராகப் பதினேழு.

“இ... இ...”

அவருடைய கட்டைவிரல் மற்ற விரல்களை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே போனது. சுண்டுவிரலில் தொடங்கி ஆட்காட்டி விரல் வரை, மறுபடியும் சுண்டுவிரல். புத்தகத்தில் ரேடியோ செய்வதும் இதேதான்.

அதை அவள் கற்பனையில் வரையவில்லை. ஒரு வருடம் முழுக்கப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருந்தாள்.

பிள்ளைகள் யாரும் சிரிக்கவில்லை. தங்கள் நூலக மிஸ் பேசி முடிக்கக் காத்திருந்தார்கள், பஸ்ஸுக்குக் காத்திருப்பது போலச் சாதாரணமாக. ஒருத்தி குனிந்து ஷூ லேஸைக் கட்டிக்கொண்டாள்.

“...இங்க போடு,” என்று முடித்தார் நூலகர்.

மரியாதை வைக்கவில்லை. ஒரே பெஞ்சுக்காரியிடம் யார் வைப்பார்கள்.

விரல் காட்டிய இடம், சட்டத்துக்குக் கீழே அந்த வெள்ளைத் தாள்.

புத்தகத்தில் அடுத்த பக்கத்தைத் திருப்பினால், பக்கத்து இருக்கைத் தோழி எழுந்து ரேடியோவின் கையைப் பிடித்துக்கொள்வாள். பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடித்த பக்கம் அதுதான். அன்றைக்குத் தோழி எழுந்தது என்னவோ உண்மை. எழுந்து நின்றுதான் அந்தக் குமிழியில் இருப்பதைச் சொன்னாள், கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்கட்டும் என்று. கடைசி பெஞ்சுக்காரிகள் அன்று மாலையே அவளை ஆட்டத்தில் சேர்த்துக்கொண்டார்கள்.

நூலகரின் முகத்தில் கோபம் இருக்கிறதா என்று தேடினாள். இல்லை. இருந்திருந்தால் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

கையெழுத்துப் போட்டாள். வழக்கமான கிறுக்கல் அல்ல. அந்த வகுப்பின் வருகைப் பதிவேட்டில் இருந்த முழுப் பெயர், எழுத்து எழுத்தாக. ரேடியோ படம் வரையவில்லை.

கண்ணாடிக்காரச் சிறுமி இடுக்கில் புகுந்து எட்டிப் பார்த்தாள். குமிழியில் விரலை வைத்தாள். வால் வழியாக மெல்ல இறங்கி, கோட்டைத் தாண்டினாள்.

விரல் பெயரின் மேல் போய் நின்றது.

மை இன்னும் காயவில்லை. சிறுமி விரலைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள்.