மாவு கொடுக்காத ஊர்

"எம்மகளுக்கும் ரெண்டு கை சத்துமாவு போடுங்க டீச்சர்" என்று கெஞ்சினாள் முத்திருளாயி. இடுப்பில் இருந்த குழந்தைக்கு அழக்கூடத் தெம்பில்லை.

ஆராய்ச்சி மாணவி இவாஞ்சலின் டின்னை மூடினாள்.

"பக்கத்து ஊருக்கு மட்டுந்தான்க்கா மாவு. மாவுங்கிறது நாங்க மாத்திப் பாக்குற சாரா மாறி. எடை அதைச் சார்ந்து மாறுறது. ரெண்டு ஊருக்கும் குடுத்துட்டா, மாவாலதான் எடை கூடுச்சுன்னு எப்படி நிரூபிக்கிறது? ஆராய்ச்சியே வீணாப் போயிரும்."

எண்பத்தேழில் திருச்சுழிப் பக்கம் மழையே இல்லை. கோடை முடிந்ததும் இரண்டு ஊரிலும் வந்த குழந்தைகளை மறுபடி எடை போட்டாள். கணக்கைப் பார்த்ததும் அவள் முகம் கறுத்தது. மாவு கொடுத்த ஊரைவிட, கொடுக்காத ஊரில்தான் சராசரி எடை அதிகம் கூடியிருந்தது!

நேரே முத்திருளாயி வீட்டுக்குப் போனாள்.

"உண்மையைச் சொல்லுங்கக்கா. பக்கத்து ஊர்ல மாவு வாங்கிக் குடுத்தீங்களா? இல்லாம எப்படி எடை கூடும்? நீங்க மகளைத் தூக்கிட்டே வரலையே, ஏன்?"

முத்திருளாயி விளக்குமாற்றைக் கீழே போட்டாள்.

"இருந்தா தூக்கிட்டு வந்திருப்பேன்ல டீச்சர்? எளைச்சுக் கெடந்த புள்ளைக ஒண்ணுகூட இந்தக் கோடையத் தாண்டல. தாக்குப் பிடிச்சதுகளைத்தான் நீங்க எடை போட்டீக."