பத்துக்கு எத்தனை

மார்ஃபின் ஏறும்போது மூளையில் என்ன நடக்கிறது, அந்தச் சுகத்தை மனிதர் எவ்வளவு உணர்கிறார் என்று அளக்கும் ஆய்வு அது. தன்னார்வலராக வந்த வேதமுத்து ஸ்கேன் குழாய்க்குள் இரண்டு நாள் படுத்தார். ஒரு நாள் மார்ஃபின், இன்னொரு நாள் வெறும் உப்புநீர். எது என்றைக்கு என்பது ஒட்டிய உறைக்குள் இருந்தது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒலிபெருக்கியில் ஆய்வு மாணவி நஸீமாவின் குரல் ஒரே கேள்வியைக் கேட்கும். வேறு எதுவும் பேசக் கூடாது என்பது விதி.

உறையைப் பிரித்தார்கள். மார்ஃபின் ஏறிய முதல் நாள் திரையில் மூளை திருவிழா சீரியல் விளக்காக எரிந்திருந்தது. அவர் சொன்னது பத்துக்கு இரண்டு. உப்புநீர் நாளில் எதுவும் எரியவில்லை, ஒன்பது சொல்லியிருந்தார்.

“மனுஷன் ஏதோ மாத்திச் சொல்லிட்டாரு. இவரைக் கணக்குலேர்ந்து எடுத்துடும்மா,” என்றார் பேராசிரியர்.

இரண்டாம் நாள், “சாப்பிட்டியாம்மா?” என்று வேதமுத்து கேட்டதற்கு, “சாப்பிட்டேங்கய்யா, எலுமிச்சை சாதம்,” என்று நஸீமா வாய்தவறிச் சொல்லியிருந்தாள். முதல் நாள் அவள் விடுப்பு. முன்பே பதிவு செய்து கொடுத்த அவள் குரல்தான் கேள்வி கேட்டிருந்தது. அந்த நாளின் ஒலிப்பதிவை இப்போது காதில் மாட்டிக்கொண்டாள்.

“இப்ப எவ்வளவு சுகமா இருக்கு? பத்துக்கு எத்தனை?”

“ரெண்டும்மா. சாப்பிட்டியா?”

ஐந்து நிமிடம் இயந்திரம் தட்டும் ஓசை மட்டும்.

“இப்ப எவ்வளவு சுகமா இருக்கு? பத்துக்கு எத்தனை?”

“ரெண்டுதான். சாப்பிட்டியான்னு கேட்டேனேம்மா.”

மறுபடி தட்டல்.

“இப்ப எவ்வளவு சுகமா இருக்கு? பத்துக்கு எத்தனை?”

அவர் தொண்டையைச் செருமுவது கேட்டது.

“நீயே ஏதாவது போட்டுக்கம்மா.”