ஒரு சாண் ஓஸ்

பால் கறக்கக் குந்தியதும் கத்தி மறுபடியும் சுகுணாவின் இடுப்பில் குத்தியது.

எழுந்தாள். துப்பட்டாவை அவிழ்த்து இன்னும் இறுக்கிக் கட்டினாள். குந்தினாள். இந்த முறை கத்தி வழுக்கிச் சாணியில் விழப் போனது. பாதி வழியில் பிடித்துவிட்டாள்.

முளையில் கட்டியிருந்த கன்றுக்குட்டி திமிறிக்கொண்டிருந்தது. அப்பா இருந்தவரை அதைக் கட்டியதே இல்லை. அவள் கறந்து முடிக்கும்வரை அவர்தான் அதன் கழுத்தைப் பிடித்துக்கொண்டு ஊர்க்கதை பேசிக்கொண்டு நிற்பார்.

அப்பா பச்சியப்பனுக்கு அவள் கொள்ளி வைத்து இன்றோடு நான்கு நாள். கொள்ளி வைத்தவர் கருமாதி முடியும்வரை இரும்பை உடம்போடு வைத்திருக்க வேண்டும். ஆண்களுக்கு இதெல்லாம் ஒரு வேலையே இல்லை. அரைஞாண் கயிற்றில் செருகிக்கொண்டு போய்விடுவார்கள். சுடிதார் போட்டவளுக்கு அரைஞாணும் கிடையாது, பாக்கெட்டும் கிடையாது. இந்த வழக்கத்தை உண்டாக்கியவர்கள், ஒரு மகள் கொள்ளி வைப்பாள் என்று கனவில்கூட நினைத்திருக்க மாட்டார்கள்.

கைப்பையில் வைப்பதெல்லாம் ஆகாது என்று பெரியப்பா கருப்பண்ணன் சுடுகாட்டிலேயே சொல்லிவிட்டார்.

“பதினாறு நாளைக்கு இது ஒடம்ப உட்டு எறங்கக் கூடாது. எறங்குச்சுன்னா கருமாதிய எம்பையன் பாத்துக்குவான்.”

அவர் மகன் மதியழகன் மொட்டை போடத் தயாராகத்தான் வந்திருந்தான். எனக்கு என் பெண்தான் எல்லாம் செய்ய வேண்டும் என்று அப்பா ஆஸ்பத்திரிக் கட்டிலில் நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டுப் போனதால் வாயை மூடிக்கொண்டு நின்றான். ஒரு சின்னப் பிசகு கிடைத்தால் போதும். அப்பாவின் கடைசி ஆசை அத்தோடு முடிந்தது.

கத்தி அப்பாவுடையது. மரவள்ளிக் குச்சி நறுக்க வைத்திருந்தது. மடக்க வராது, சாண் நீளம் இருக்கும். சின்னதாக வேறு எதையாவது எடுத்துக்கொள் என்று அம்மா சொன்னபோது சுகுணா கேட்கவில்லை. கொய்யாக்கட்டைப் பிடியில் அவர் பெருவிரல் அழுத்தி அழுத்தி ஒரு குழி விழுந்திருக்கிறது. அதில் தன் விரலை வைத்தால் அவர் கையைப் பிடித்த மாதிரி இருந்தது. பதினாறு நாளும் அப்பாவைத்தான் இடுப்பில் வைத்துக்கொண்டு திரியப் போகிறோம் என்று நினைத்துக்கொண்டாள்.

காலைக் கறவையை எப்படியோ முடித்தாள்.

கடைசியில் அம்மா அமுதவல்லிதான் வழி கண்டுபிடித்தாள். நான்கு நாளாக மூலையை விட்டு எழாதவள் எழுந்து வந்து, மோட்டாருக்கு வாங்கி மீந்த கருப்பு ஓஸ் குழாயில் ஒரு சாண் அறுத்தாள். அதைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டு இளக்கி, உள்ளே கத்தியை நுழைத்து, மேலே அம்மிக்கல்லை ஏற்றி வைத்தாள். ஆறியதும் ஓஸ் கத்தியின் வடிவத்திலேயே நின்றது. வாய்ப்பக்கம் இரண்டு கீறல் போட்டு அப்பாவின் பெல்ட்டைக் கோத்தார்கள்.

பாப்பிரெட்டிப்பட்டி மருந்துக்கடையில் வேலை பார்த்தபோது முதல் சம்பளத்தில் சுகுணா வாங்கித் தந்த பெல்ட். மனிதர் அதை ஒரே ஒரு தடவை கட்டினார், அதுவும் லுங்கிக்கு மேல். தெருவே பார்த்துச் சிரித்தது. அவள் இடுப்புக்கு ஆணியைப் பழுக்கக் காய்ச்சி நாலு ஓட்டை கூடுதலாகப் போட வேண்டியிருந்தது.

டாப்ஸுக்கு உள்ளே கட்டிக்கொண்டு குந்திப் பார்த்தாள். குத்தவில்லை. குனிந்தாள், தீவனக் கூடையைத் தூக்கினாள், அப்பாவின் எக்ஸெல் வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். கத்தி அசையவில்லை. அம்மாவும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துவிட்டார்கள். சிரித்த வேகத்தில் அழுகையும் வந்துவிட்டது.

மத்தியானம் பெரியப்பா வந்தார். குறை கண்டுபிடிக்கத்தான் வந்தார். உறையைத் தட்டிப் பார்த்தவர் நிஜமாகவே அசந்துபோனார்.

“ஆம்பளைங்ககூட இப்பிடிக் கட்டுனதில்ல கண்ணு. இனி உங்கப்பன் உம்பக்கத்துலயே வர மாட்டான்.”

சுகுணாவுக்குப் புரியவில்லை. அவர் பொறுமையாகத்தான் எடுத்துச் சொன்னார். செத்தவர் மனசு கேட்காமல் பதினாறு நாளும் வீட்டையே சுற்றிக்கொண்டிருப்பார். கொள்ளி வைத்த பிள்ளையைத்தான் முதலில் தேடி வருவார். இரும்பு இருந்தால் கிட்டே நெருங்க முடியாது. எட்ட நின்று பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார். அதற்குத்தான் கத்தி.

சொல்லிவிட்டுத் தன் வண்டியை எடுத்துக்கொண்டு போனார்.

மணி நாலு ஆயிற்று. கறவை நேரம்.

சுகுணா டாப்ஸுக்குள் கைவிட்டுக் கத்தியை உருவினாள். பிடியின் குழியில் ஒரு தரம் விரலை வைத்துப் பார்த்தாள். பிறகு வீட்டுக்குள் போய் அரிசி டிரம்மைத் திறந்து, தோள்பட்டை வரை கையை விட்டு, அதை அடியில் புதைத்தாள்.

நிமிர்ந்தால் அம்மா நிற்கிறாள்.

சத்தம் போடப் போகிறாள் என்றுதான் சுகுணா நினைத்தாள். அம்மா வெளியே போனாள். ஒரு மரவள்ளிக் குச்சியை ஒரு சாணுக்கு ஒடித்து எடுத்துக்கொண்டு வந்தாள்.

“வெறும் ஒறை தொளதொளன்னு ஆடும். இத உள்ள சொருகிக்க. யாருக்கும் தெரியாது.”

சுகுணா குச்சியைச் செருகிக்கொண்டு கொட்டகைக்குப் போனாள். கன்றை அவிழ்த்து ஊட்ட விட்டாள். மாடு பால் சுரந்ததும் கன்றை இழுத்து விலக்கினாள்.

கயிற்றை முளையில் கட்டவில்லை. அப்படியே தரையில் விட்டுவிட்டு, செம்பை எடுத்துக்கொண்டு குந்தினாள்.