நேயர் நேரம்

மூன்று மணி நேரமாகத் தொலைபேசி ஒருமுறைகூட அடிக்கவில்லை. இந்தப் பண்பலை நிலையத்தின் முதல் அறிவிப்பாளர் அவள். நேயர்கள் கேட்கும் பாட்டை இருபது வருடமாகப் போட்டுவருகிறாள். "உன் நிகழ்ச்சியை யார் கேக்கிறா?" என்று மேலாளர் போன வாரம் முனகியது இன்னும் உறுத்துகிறது. "யாராவது கூப்பிடுங்களேன்" என்று மைக்கில் சிரிக்கிறாள். விரல்கள் தொலைபேசி ஒயரை முறுக்குகின்றன. அவள் பேசப் பேச எதிரே ஒலி அளவு காட்டும் பச்சை வெளிச்சம் ஏறி இறங்குகிறது. கண்ணாடிக்கு அப்பால் என்ஜினியர் தம்பி தலை நிமிரவே இல்லை. அடுத்த பாட்டைப் போட்டுவிட்டு, கதவைத் தள்ளிக்கொண்டு அவன் முன்னால் போய் நிற்கிறாள். "ஏன் தம்பி, ஊருக்கே தொண்டை கட்டிக்கிச்சா?" அவன் ஹெட்போனை மெதுவாகக் கழற்றுகிறான். "அக்கா, காலையிலேர்ந்து கம்ப்யூட்டர் போடுற பாட்டுதான் வெளியே போகுது. உங்க குரல் இந்த ரூமைத் தாண்டல. உங்ககிட்ட சொல்ல யாருக்கும் மனசு வரல. நிகழ்ச்சிய நேத்தோட நிறுத்திட்டாங்க."