கை தவறிய உப்பு

பத்து வருடத்துக்கு முன், கடை திறந்த அன்று காலையில், பன்னுக்குள் வைக்கக் காய்ச்சிய சர்க்கரைப் பாகில் ஒரு கை உப்பு விழுந்துவிட்டது. வேறு பாகு காய்ச்ச நேரமில்லை. அக்கா பயந்துகொண்டே அதையே வைத்து விற்றாள். மதியத்துக்குள் தட்டு காலி. இன்று அந்த பன்னுக்காக ஊரே வரிசையில் நிற்கிறது.

"எல்லாம் என் தங்கச்சியாலதான். சர்க்கரைன்னு நினைச்சு உப்பை அள்ளிப் போட்டுட்டா," என்று பேட்டி எடுக்க வந்த நிருபரிடம் பெருமையாகச் சொன்னாள்.

"அதிர்ஷ்டக் கைம்மா உங்களுக்கு!" என்று தங்கையைப் பாராட்டிவிட்டு அவர் கிளம்பினார்.

தங்கை சமையலறைக் கதவைச் சாத்தினாள். "அக்கா, இனிமே இந்தக் கதையைச் சொல்லாதே. என்னால கேட்க முடியலை."

"ஏண்டி?"

"உப்புன்னு தெரிஞ்சுதான் போட்டேன். அப்பா உனக்கு மட்டும் கடை வச்சுக் குடுத்தாரேன்னு வயிறெரிஞ்சுது. முதல் நாளே நீ கடையை மூடணும்னு நினைச்சேன்."

கடை திறந்த அன்று, கை தவறிவிட்டதென்று தேம்பித் தேம்பி அழுத தங்கையை, 'போனா போகுதுடி' என்று கட்டிக்கொண்டவள் அக்காதான்.

"ரெண்டு திட்டாவது திட்டேன், அக்கா."

அக்கா கதவைத் திறந்துகொண்டு முன்பக்கம் போனாள்.

"அம்மா, நாலு தங்கச்சி பன் குடுங்க!" என்றார் வரிசையில் முதலில் நின்றவர். அவளே ஆசை ஆசையாக வைத்த பெயர்.

"தீர்ந்துபோச்சுங்க," என்றாள், தட்டு நிறைய இருந்த பன்னைத் துணியால் மூடிக்கொண்டே.