மூன்று மடக்கு அருவதா

"என்ன பார்வை அது? நான் விஷம் வெச்சுக் குடுக்கிறேன்னு நெனப்பா உனக்கு?"

கண்ணாடிக் குவளையை மருமகள் தெல்மிராவின் மூக்குக்கு நேரே நீட்டினாள் கசில்டா. கரும்புச் சாராயம், அதில் ஊறிக் கிடந்த அருவதாத் தழை, எலுமிச்சை. ஆகஸ்ட் முதல் தேதி வெறும் வயிற்றில் மூன்று மடக்கு இறங்கிவிட்டால் குளிர்கால நோய் எதுவும் வீட்டுப் படி ஏறாது. பராகுவேயில் இதற்கு மூஞ்சி சுளிக்கிற ஜென்மம், மருந்துக் கடையில் வேலை பார்க்கும் இவள் ஒருத்திதான்.

"நல்லதுதான் அத்தை. ஆனா எல்லாருக்கும் ஆகாது."

"அடேயப்பா! நம்ம வாசல் செடிக்கு இனிமே இவகிட்ட சீட்டு வாங்கணுமாம்!"

சாராய நெடி கூடமெங்கும் பரவியது. மகள் ரமோனா எழுந்து போய்ச் சன்னலைத் திறந்தாள்.

"இந்தக் குளிர்லயா? மூடுடி கண்ணு," என்ற கசில்டா மருமகள் பக்கம் திரும்பினாள். "யாருக்கு ஆகாதாம்? சொல்லேன், கேப்போம்."

தெல்மிரா குரலைத் தாழ்த்தினாள். "பிள்ளை உண்டானவங்களுக்கு. கரு தங்காது அத்தை. போன வருஷமெல்லாம் நான் வாயைத் தொறந்தேனா?"

கசில்டா சிரித்த சிரிப்பில் முற்றத்துக் கோழிகள் சிதறி ஓடின.

"ஆறு வருஷமா இந்த வீட்டுத் தொட்டில்ல பூனைதான் தூங்குது. அம்மணிக்கு இப்ப எத்தனையாவது மாசமோ?"

தெல்மிராவின் முகம் சிவந்தது. குவளையை வாங்கினாள். மூன்றே மடக்கு. குடித்து முடித்துக் கவிழ்த்து வைத்தாள்.

"பார்த்தியா, பார்த்தியா! எல்லாம் வேஷம்!" கசில்டாவுக்கு நெஞ்சு குளிர்ந்துபோயிற்று. அடுத்த குவளையை வழிய வழிய ஊற்றினாள். "என் பொண்ணைப் பார்த்துக் கத்துக்கோ. கோயில்ல பாடுறவ. எந்தப் பையனையும் ஏறெடுத்துப் பார்த்ததில்ல. பெரியவங்க குடுத்தா ஏன்னு ஒரு வார்த்தை கேக்கமாட்டா. வருஷா வருஷம் அவதான் மொதல்ல குடிப்பா. ரமோனா, வாடி கண்ணு."

ரமோனா நகரவில்லை. சன்னல் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு அண்ணியையே பார்த்தாள்.

தெல்மிரா குறுக்கே வந்தாள். நிரம்பிய குவளையின் வாயை உள்ளங்கையால் பொத்தினாள்.

"நான் எனக்காகச் சொல்லலை, அத்தை."