அஞ்சலையின் கல்யாணப் போட்டோ

வேப்பமரத்துப் பொந்தில் ஓர் அணில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தது. மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பப் படம் வேண்டுமென்று அஞ்சலை என்ற காக்கை அங்கே வந்தாள். ஏற்கனவே இரண்டு வரன் தட்டிப்போயிருந்தது. எடுத்த படத்திலும் அவள் வெறும் கருப்புத் திட்டாகத்தான் விழுந்திருந்தாள்.

"அண்ணே, கொஞ்சம் வெளுப்பாக்கி விடுங்க" என்றாள், தலையைக் குனிந்துகொண்டு.

அணில் கம்ப்யூட்டரில் வெளுப்பைக் கூட்டிக்கொண்டே போனது. கூட வந்த அம்மாக் காக்கை எட்டிப் பார்த்தாள்.

"ஏண்டி, யாரு இந்தக் கொக்கு? உன் படம் எங்கே?"

அஞ்சலைக்கு அழுகை முட்டியது. அணில் நாக்கைக் கடித்துக்கொண்டு, ஏற்றிய வெளுப்பையெல்லாம் எடுத்துவிட்டது. பிறகு நிழல் அப்பியிருந்த இடங்களை மட்டும் மெல்ல மெல்லத் துலக்கியது. கழுத்தில் மயில்நீலம் மினுங்கியது. இறகுகள் தனித்தனியாக எழுந்து வந்தன. கண்ணுக்குள் ஒரு துளி வானம் இருந்தது.

"இதெல்லாம் நீங்க போட்டதாண்ணே?"

"நான் எதையும் போடலம்மா. இருட்டுல கிடந்துச்சு, எடுத்தேன்."

அஞ்சலை வெகுநேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நீங்க நல்லா இருக்கணும்ணே" என்றாள் கடைசியில்.

"மாப்பிள்ளை வீட்டுக்கு எத்தனை காப்பி போடட்டும்?"

"அவங்களுக்கு அப்புறம் பார்த்துக்கலாம். முதல்ல எனக்கு ஒண்ணு போட்டுக் குடுங்க."